ஏசியை அணைக்காமலே மைலேஜ்: நெல்லைச் சாலைகளில் ஹைபிரிட் கார்

சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் வரைக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வண்டி. மீட்டரில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று காட்டுவது 25 ஆக வேண்டும் என்பதற்காக இந்தத் தவம். அந்த 3 கிலோமீட்டர் உண்மையில் எத்தனை ரூபாய் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டால் ஏசியை அணைக்கக் கை போகாது.

மாதம் 1000 கி.மீ. ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கொடுத்த பழைய வண்டி 15 கொடுக்க ஆரம்பித்தால், 83.3 லிட்டர் 66.7 ஆகக் குறையும். மாதம் 1,660 ரூபாய் மிச்சம். 22 கொடுக்கும் ஹைபிரிட் 25 கொடுத்தால் 45.5 லிட்டர் 40 ஆகும். மிச்சம் 550 ரூபாய். ஏறியது அதே 3 கிலோமீட்டர்தான், கையில் நிற்பது மூன்றில் ஒரு பங்கு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு இப்படித்தான் கண்ணைக் கட்டும். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே நேரான கணக்கு. ஹைபிரிட் வாங்கிய அன்றே பெரிய மிச்சம் வந்துவிட்டது. அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு குறைவு, உடம்பு படும் பாடு அதிகம். ஆகவே சொகுசைக் கெடுக்காமல் கிடைக்கும் மைலேஜ் எது, கெடுத்தால்தான் கிடைக்கும் மைலேஜ் எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் வகை நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது.

இங்கே ஹைபிரிட் என்று சொல்வது, இன்ஜின் துணை இல்லாமல் மோட்டார் தனியாகவும் சக்கரத்தைச் சுழற்றக்கூடிய முழு ஹைபிரிட்டை. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஈ-ஹெச்.ஈ.வி. எல்லாம் இந்த வகை. ஹைரைடரிலும் விட்டாராவிலும் இதே பெயரில் மைல்டு ஹைபிரிட் வகையும் விற்கிறார்கள். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தானாக வண்டியை இழுக்காது. சிக்னலில் இன்ஜின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நின்றுவிடும். கீழே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

முதலில் ஏசி. முழு ஹைபிரிட்டில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, இன்ஜின் பெல்ட்டில் இல்லை. அதனால் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் வரும். ஆனால் ஏசி கூலி வாங்குவது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. நம் ஊர் வெயிலில் கம்ப்ரஸர் சுமாராக ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்றால், அந்த மின்சாரத்தை இன்ஜின் உண்டாக்க மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் போகும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் 80 கி.மீ. போய், மொத்தமே 4 லிட்டர் குடிக்கும் வண்டியில் அரை லிட்டர் பெரிதாகத் தெரியாது. டவுன் ரத வீதியில் ஒரு மணி நேரத்தில் 20 கி.மீ. ஊர்ந்து, ஒரு லிட்டர் குடிக்கும் இடத்தில் அதே அரை லிட்டர் மைலேஜை உருட்டித் தள்ளிவிடும். “ஊருக்குள் மட்டும் மைலேஜ் விழுகிறது, வண்டியில் கோளாறு” என்று சர்வீஸுக்குப் போகிறவர்களில் பலருக்குக் கோளாறு இதுதான். பெட்ரோல் செலவாகத்தான் செய்கிறது. ஆனால் மணிக்கு 50 ரூபாய்தான். நாலு பேர் வியர்க்காமல் போய்ச் சேர அந்த 50 ரூபாய் கொடுக்கலாம்.

குறைக்க வேண்டுமானால் அணைக்கத் தேவையில்லை, முதல் பத்து நிமிடத்தைச் சரியாகக் கையாண்டால் போதும். வெயிலில் நின்ற வண்டியின் உள்சூடு வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருக்கும். நாலு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். வண்டியை எடுத்து, கண்ணாடிகளைப் பாதி இறக்கி இருநூறு மீட்டர் ஓட்டுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றே சுழலும் பொத்தானைப் போட்டு, ஏசியை ஆட்டோவில் 24 அல்லது 25-ல் வையுங்கள். கடைசிக் குளிரில் வைத்துவிட்டு நடுங்கியபின் கூட்டுவது கம்ப்ரஸரைச் சும்மா விரட்டும் வேலை. முன்கண்ணாடிக்கு ஒரு வெள்ளி மறைப்பு, கிடைத்தால் வேப்பமர நிழல். இந்த இரண்டும் தரும் பலன் எந்த ஈகோ பொத்தானிலும் வராது. பல வண்டிகளில் ஈகோ மோடு ஏசியையும் சேர்த்துத்தான் மட்டுப்படுத்தும். கோடையில் பின்சீட்டுக்குக் குளிர் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். மே மாதத்தில் நார்மல் மோடே சரி.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைரைடர் வகையில் பெரிய பேட்டரி மொத்தமே 0.76 கிலோவாட் மணி. அதிலும் முழுசாகக் காலி செய்யவோ நிரப்பவோ கணினி விடாது. புழக்கத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.3. ஏசி ஓடிக்கொண்டே நின்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்து இன்ஜின் தானாக ஓட ஆரம்பிக்கும். இது பழுது இல்லை. ஆனால் நியூட்ரலில் போட்டு நின்றால் டொயோட்டா வகை அமைப்பில் பேட்டரி சார்ஜ் ஏறாது. ஏசி மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய பழக்கத்தில் கை நியூட்ரலுக்குப் போகும், போகக் கூடாது. நீண்ட நேரம் நிற்பதென்றால் பார்க்கிங்கில் போடுங்கள். கொஞ்ச நேரம் என்றால் டிரைவிலேயே பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

அடுத்தது வலது கால். ஹைபிரிட் ஓட்டுகிறவர்களிடம் ஒரு நோய் பரவியிருக்கிறது. மோட்டாரில் மட்டும் ஓடுகிறது என்று காட்டும் பச்சை ஈ.வி. விளக்கு அணையவே கூடாது என்று முட்டையின் மேல் நடப்பதுபோல் ஆக்சிலேட்டரை மிதிப்பது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், வண்டி ஓட்டும் சுகமும் போச்சு, மைலேஜும் வராது. அந்த மின்சாரம் வானத்திலிருந்து வரவில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகத்திலிருந்து மீட்டது போக மீதி எல்லாம் பெட்ரோலில் இருந்து வந்ததுதான். இன்ஜினில் இருந்து ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, திரும்ப மோட்டார் என்று சுற்றி வருவதற்குள் நூற்றில் இருபது முப்பது கரைந்துவிடும். நேராகச் சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தியை இப்படிச் சுற்றவிட்டு வீணாக்குவதுதான் அந்த விளக்கு மோகத்தின் பலன்.

சரியான முறை ஓட்டுவதற்கும் இதம். நின்ற இடத்திலிருந்து மோட்டாரிலேயே நகருங்கள். இன்ஜின் வந்தால் வரட்டும். மீட்டரில் ஈகோ பகுதியின் மேல் முனை வரை முள் போகும்படி மிதித்து, பத்துப் பன்னிரண்டு வினாடியில் 50-ஐத் தொடுங்கள். இந்த வண்டிகளில் உள்ள அட்கின்சன் என்ற சிக்கன வகை இன்ஜின் நடுத்தரச் சுமையில்தான் பெட்ரோலை நன்றாக வேலை வாங்கும். மிக மெல்ல மிதித்தாலும் அதற்குப் பிடிக்காது, அடியோடு மிதித்தாலும் பிடிக்காது. 50 வந்ததும் காலை முழுசாக எடுத்து ஒரு வினாடி விடுங்கள். இன்ஜின் அணையும். பிறகு பெடலை லேசாகத் தொட்டு வேகத்தை மட்டும் தாங்குங்கள். ஈ.வி. விளக்கு எரிய வேண்டிய இடம் இது.

நிறுத்துவதில்தான் சொகுசும் மைலேஜும் கைகோத்துப் போகின்றன. முன்னால் டவுன் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குகிறது என்று தெரிந்ததும் நூறு மீட்டர் முன்னாலேயே காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக, நீளமாக அழுத்துங்கள். முள் சார்ஜ் பகுதிக்குள் நிற்கும்வரை வேகம் பேட்டரிக்குப் போகிறது. முள் அடிமட்டத்தை முட்டினால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போகிறது. கடைசி நேரத்தில் படக்கென்று மிதிப்பவருக்குப் பேட்டரியும் நிரம்பாது, பின்சீட்டில் இருப்பவருக்குத் தலையும் ஆடும். ஆச்சி பின்சீட்டில் கண்ணயர்ந்து, பாளையங்கோட்டை வந்ததே தெரியாமல் தூங்கினால் அந்தப் பயணத்தில் மைலேஜும் நன்றாகவே வந்திருக்கும்.

ஓட்டும் சுகம் என்று வரும்போது பலரின் மனக்குறை இன்ஜின் இரைச்சல். சேரன்மகாதேவி வழியாக அம்பை போகும் இருவழிச் சாலையில் லாரியை முந்த மிதித்தால், சத்தம் முதலில் ஏறுகிறது, வேகம் அப்புறம் வருகிறது. டொயோட்டா முறையில் இன்ஜின், இரண்டு மோட்டார்கள் மூன்றையும் ஒரே கோள்பல்சக்கரத் தொகுதி (பிளானெட்டரி கியர்) இணைக்கிறது. படிப்படியான கியர் கிடையாது. ஸ்கூட்டர் மாதிரியான பெல்ட்டும் கிடையாது. சக்கரத்தின் வேகத்தோடு இன்ஜின் வேகம் கட்டுப்படாததால், அதிக சக்தி கேட்டவுடன் இன்ஜின் தனக்குச் சாதகமான சுழற்சிக்குத் தாவி அங்கேயே நிற்கிறது. ஹைரைடர், விட்டாராவில் அது மூன்று சிலிண்டர், 1,490 சி.சி., 92 பி.எஸ். குதிரைத்திறன். மோட்டார் சேர்த்து 116. சத்தத்துக்கு ஏற்ற பாய்ச்சல் இல்லை என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். சிட்டியில் அமைப்பு வேறு. பெரும்பாலான நேரம் இன்ஜின் மின்சாரம் மட்டும் உண்டாக்கும். சக்கரத்தை இழுப்பது 253 நியூட்டன் மீட்டர் முறுக்குள்ள மோட்டார். சீரான நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கிளட்ச் பூட்டி இன்ஜின் நேராகச் சக்கரத்தோடு சேரும். மிதித்ததும் பாயும் சுகம் அதில் கூடுதல். அதற்கு விலை டிக்கி. சாதாரண சிட்டியின் 506 லிட்டர் இடம் இதில் 306. குடும்பத்தோடு கோயில் கொடைக்கு ஊர் வருகிறவர்கள் இதை வாங்கும் முன்பே பெட்டிகளை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரைச்சலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முந்தும் முடிவை இரண்டு வினாடி முன்னதாக எடுத்து, பெடலை இரண்டு கட்டமாக அழுத்துங்கள். முதலில் பாதி. அதிலேயே மோட்டாரின் முறுக்கு வந்துவிடும். பாதை தெளிவானதும் முக்கால். முழு மிதிக்கும் முக்கால் மிதிக்கும் பாய்ச்சலில் வித்தியாசம் கொஞ்சம், சத்தத்தில் நிறைய. லாரியைத் தாண்டியதும் பெடலை ஒரு விரற்கடை தளர்த்தினால் இன்ஜின் சட்டென்று தணியும். பவர் மோடு குதிரைத்திறனைக் கூட்டாது, பெடலின் துடிப்பை மட்டும் கூட்டும். ஆனாலும் இருவழிச் சாலையில் அதைப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. கால் கேட்டதை வண்டி உடனே கொடுக்கிறது என்ற தைரியம் முந்தும்போது வேண்டும். அந்த நேரத்தில் ஈகோ மோடில் இருப்பதை நான் ஏற்கவே மாட்டேன். பேட்டரி இரண்டு கட்டத்துக்குக் கீழ் இருந்தால் மோட்டாரின் உதவி குறையும். அப்போது முந்துவதை அடுத்த நேர்ப்பாதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

நாலுவழிச் சாலையில் கதை மாறுகிறது. ஹைபிரிட்டின் பலம் நின்று நின்று போகும் ஊருக்குள்தான். சீரான வேகத்தில் மீட்பதற்கு எதுவும் இல்லை. அங்கே எதிரி காற்று. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். மதுரை வரை 160 கி.மீ. என்று வைத்தால், சீராக 80-ல் இரண்டு மணி நேரம். 100-ல் 24 நிமிடம் முன்னதாகப் போகலாம். லிட்டருக்கு 23 கொடுத்தது 19 ஆக இறங்கினால் கூடுதல் செலவு ஒன்றரை லிட்டர், 150 ரூபாய். அவசரம் என்றால் கொடுத்துவிட்டுப் போங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். அவசரம் இல்லையென்றால் 85, 90 நல்ல இடம். காற்றிரைச்சலும் டயர் இரைச்சலும் பேச்சை அமுக்காது, கயத்தாறு தாண்டி லேசான இறக்கம் கிடைக்கும் இடங்களில் இன்ஜின் தானாக அணைந்து ஓய்வெடுக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை போய்வருவதும், ஊருக்குள் ஓட்டமே இல்லாததும்தான் உங்கள் வழக்கம் என்றால், ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்ப வர வெகுகாலம் ஆகும். அதை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

தெற்கே போகும்போது ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாங்குநேரி தாண்டி வள்ளியூர் வரை காற்று வலப்பக்கம் அடிக்கும். காவல்கிணற்றில் வலப்பக்கம் திரும்பி முப்பந்தல், ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது நேர் எதிரே வரும். காற்றாலைகளை அங்கே நட்டதற்குக் காரணமே அந்தக் கணவாய்தான். காற்று 30 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால், 80-ல் போகும் வண்டி 110-ல் போவதுபோல் காற்றைக் கிழிக்க வேண்டும். எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 65-க்கு இறக்கினால் அதில் கால்வாசி குறையும், வண்டி அலைவதும் நிற்கும். கூரைமேல் கேரியர் மாட்டியிருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள். விசில் சத்தமும் போகும், பெட்ரோலும் மிஞ்சும்.

மலையில் பேட்டரியின் அளவு தெரிந்துவிடும். புளியரை எஸ் வளைவு ஏறும்போது மோட்டார் உதவி சீக்கிரம் தீர்ந்து இன்ஜின் தனியாகக் கத்தும். சீரான 40-ல் ஏறுவதே வழி. இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி, மாஞ்சோலை மலைப்பாதை மாதிரி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதில் உள்ள சக்தி நாலு கிலோவாட் மணிக்கு மேல். பேட்டரியில் இடம் 0.3. உருளும் எதிர்ப்பில் கரைவது போகக்கூட, முதல் ஐந்தில் ஒரு பங்கு இறக்கத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்கப்புறம் மின்பிரேக் பிடிக்க இடமில்லை. முழுச்சுமையும் பேடில் விழுந்து சூடாகி வாடை வரும். இறக்கம் தொடங்கும்போதே லிவரை ‘பி’ நிலைக்குத் தள்ளுங்கள் (பிரேக்கைக் குறிக்கும் B, பார்க்கிங்கின் P அல்ல). பெட்ரோல் இல்லாமலே இன்ஜின் உறுமிச் சுற்றி வண்டியைப் பிடிக்கும். அந்த உறுமலைக் கேட்டுப் பயந்து திரும்ப ‘டி’-க்குப் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள். சமதளத்தில் ‘பி’ போட்டால் மைலேஜ் கூடாது, காலை எடுக்கும்போதெல்லாம் குலுங்கும், அவ்வளவுதான்.

டயர்க் காற்றில் 40 பி.எஸ்.ஐ. ஏற்றுவது வேண்டாத வேலை. மைலேஜில் கிடைப்பது சொற்பம். வேகத்தடையில் முதுகு வாங்கும், டயர் நடுவில் தேயும், குற்றாலச் சாரலில் நனைந்த சாலையில் பிடிப்பும் குறையும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஓடியபின் நாலைந்து கூடிக் காட்டினால் இறக்கிவிடாதீர்கள்.

மைலேஜ் அளக்கும்போது மீட்டரை நம்பாமல், ஒரே பெட்ரோல் பங்கில் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தி நிரப்பி, மூன்று டேங்குக்குச் சராசரி பாருங்கள். ஹைரைடர், விட்டாராவுக்கு நிறுவனம் சொல்லும் 27.97 ஆய்வுக்கூடத்தில், ஏசி இல்லாமல், 90-ஐத் தாண்டாத வேகத்தில் எடுத்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனதில் மட்டும் லிட்டருக்கு மூன்றரை சதவீதச் சக்தி குறைவு. அதை உங்கள் காலில் பழி போடாதீர்கள்.

கடைசியாக, மைலேஜும் ஓட்டமும் சேர்ந்து மெல்ல மெல்லச் சரியும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேட்டரியின் காற்றுத்துளை. பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பயணிகள் இருக்கும் அறையிலிருந்துதான் போகிறது. சல்லடை மாதிரி ஒரு மூடி, பல வண்டிகளில் பின்சீட்டு ஓரத்தில் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று கையேட்டில் படம் இருக்கும். திசையன்விளை, உவரி பக்கம் தேரிக்காட்டுச் சாலைகளில் ஓடும் வண்டியில் அந்த மூடியைக் கழற்றினால், உள்ளே வலை செம்மண் பூசிய துணிபோல் இருக்கும். காற்று போகாவிட்டால் பேட்டரி சூடாகும். முதலில் பின்னாலிருந்து மின்விசிறி இரைச்சல் கேட்கும். அடுத்து கணினி மோட்டாரின் உதவியைக் குறைக்கும், பிரேக்கில் மீட்பதையும் குறைக்கும். இன்ஜின் அதிகம் ஓடும், சத்தம் கூடும், மைலேஜ் இறங்கும். வண்டியை அணைத்து, மூடியின் கவ்விகளை நிதானமாக இழுத்து எடுத்து, வலையைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கம்ப்ரஸர் காற்றை உள்நோக்கி அடிக்காதீர்கள், தூசி விசிறிக்குப் போய்விடும். கழுவினால் நிழலில் முழுசாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் கை வேண்டாம். நம் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யலாம்.

புதிதாக சீட் கவர் தைக்கக் கொடுக்கிறவர்கள் வெட்டும் முன்பே கடைக்காரரை அழைத்து அந்தத் துளையைக் காட்டிவிடுங்கள். ரெக்சினை இழுத்து அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். கால்மிதி ஒட்டுகிறவர்களிடமும் சொல்ல வேண்டியது இதுவே. அல்வாப் பெட்டியும் பனங்கிழங்குக் கட்டும் ஏற்றும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு ஏற்றுங்கள்.